புதுப்பிப்பு: அந்தப் புத்தகம் வந்துவிட்டது!

அச்சில் இல்லாத புத்தகம், எங்கள் நூலகத்திலும் இல்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நூலகங்களுக்கு இடையிலான இரவல் சேவையைச் சிலர் சொன்னீர்கள். விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது.

நூலகர் தேடியது வேர்ல்ட்கேட்டில். 1971 முதல் பல நூலகங்கள் சேர்ந்து வளர்த்துவரும் கூட்டுப் பட்டியல் அது; எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான், பதிப்பாண்டை மாற்றி எழுதியிருந்தேன். ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் தனி எண்ணான ஐஎஸ்பிஎன் இருந்தால் இந்தக் குழப்பமே வராது. ஆனால் 1970க்கு முந்தைய புத்தகங்களில் பெரும்பாலும் அந்த எண் இருக்காது. பதிப்பகம், ஆண்டு இரண்டையும் சரிபார்த்துக் கொடுங்கள்.

அரிய பிரதி என்பதால் வீட்டுக்குத் தரவில்லை. வாசிப்பறையில்தான் படிக்கிறேன். ஒரு கட்டுரை மட்டும் போதுமென்றால் ஸ்கேன் செய்தே அனுப்புவார்களாம்! எனக்கு இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி.