அறைக் கதவில் கூடையை மாட்டிவிட்டால் காலை உணவு கொடுத்ததாகிவிடுமா?

மாடிவீடு:
இன்னொரு இழையில் சாவிக்கொத்து எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சின்ன விடுதி நடத்துகிறவர்கள் காலையில் மேசை போட்டுப் பரிமாறுவது வீண் வேலை. முந்தின இரவே ரொட்டி, பழம், ஜாம் எல்லாம் ஒரு கூடையில் வைத்துக் கதவில் மாட்டிவிட்டால் போதும்" என்கிறார். அதற்கு நாலைந்து பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

நான் நடத்துவது நான்கு அறை. ஒன்றில் சுவர் முழுக்கப் பழைய கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். இன்னொன்றில் கட்டிலுக்கு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். மூன்றாவதில் குளியல் தொட்டி அறைக்கு நடுவில் இருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் இதையெல்லாம் பார்க்க வருகிறார்கள். மறுபடி வருகிறவர்கள் காலை மேசைக்காக வருகிறார்கள். எட்டரை மணிக்கு ஒரே நீள மேசை. முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கரண்டிச் சத்தம்தான் கேட்கும். அப்புறம் யாராவது ஒருவர், "ஏணி அறை உங்களுக்கா?" என்று எதிரில் இருப்பவரைக் கேட்பார். அவ்வளவுதான், தட்டு காய்ந்துபோன பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். கூடை இதைச் செய்யுமா?

சாவிக்கொத்து:
நான் எழுதியதில் பாதியை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். விடியும் முன் கிளம்புகிறவர், புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள், இரவெல்லாம் தூங்காத கைக்குழந்தையோடு வந்தவர்கள் இவர்களுக்குக் கூடைதான் வசதி என்று அதே பதிவில் எழுதியிருந்தேன். அதைக் காணோம். முன்பின் தெரியாதவர்களோடு எட்டரை மணிக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது விருந்தோம்பலா, பள்ளிக்கூடமா?

அதோடு என் விடுதி ஒரு பழைய ரயில் பெட்டி. மூன்று அறை போக ஓர் ஆள் நடக்கிற வழிதான் மிச்சம். உங்கள் நீள மேசையை எங்கே போடட்டும், தண்டவாளத்திலா?

மாடிவீடு:
இடமில்லை என்பது வேறு, வீண் வேலை என்பது வேறு. இடமில்லை என்று எழுதியிருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியே இருக்க மாட்டேன்.

கூடையை இரவே வைக்கிறேன் என்று நீங்களேதான் சொன்னீர்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல் வை, குளிராக வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழே வை என்று உலக சுகாதார நிறுவனம் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறது. இரவு பத்து மணிக்கு மாட்டிய கூடையில் அவித்த முட்டை காலை எட்டு மணிவரை தொங்கினால் என்ன ஆகும்?

சாவிக்கொத்து:
முட்டையா? ரொட்டி, பழம், ஜாம் என்று நீங்களே மேலே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். முட்டையைக் கூடைக்குள் வைத்தது நீங்கள்.

மாடிவீடு:
முட்டை இல்லாமல் அது என்ன காலை உணவு? அப்படியானால் இன்னும் மோசம்.

பதிவேடு:
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எந்த மாதிரி விடுதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே? உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா, எத்தனை அறை, காலை உணவு வாடகையில் அடக்கமா, தனிக் காசா? பிரான்சில் இதற்குச் சட்டமே உண்டு. வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர் அதிகபட்சம் 5 அறை, 15 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். காலை உணவு வாடகையிலேயே சேர்ந்தது.

மாடிவீடு:
பார்த்தீர்களா? காலை உணவு கட்டாயம்.

சாவிக்கொத்து:
கட்டாயம்தான், நான் இல்லை என்றேனா? கூடைக்குள் இருப்பதும் காலை உணவுதான்.

பதிவேடு:
நான் கேட்ட கேள்விகளுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

துணிக்கொடி:
நானும் ஐந்து அறை வைத்து நடத்துகிறவள். மாடிவீடு அண்ணா, மேசையைப் பற்றி இவ்வளவு உருகி உருகி எழுதுகிறீர்களே, அந்த மேசையை யார் துடைக்கிறார்கள்? பத்தரை மணிவரை அரட்டை அடிக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறீர்கள். பதினொரு மணிக்கு அறை காலியாக வேண்டும், இரண்டு மணிக்கு அடுத்தவர் பெட்டியோடு வாசலில் நிற்பார். நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்தில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மாற்ற வேண்டும். தொட்டியில் ஒட்டின முடியை எடுக்க வேண்டும், கண்ணாடியில் தண்ணீர்க் கறை போகத் தேய்க்க வேண்டும். உங்கள் ஏணி அறையில் மெத்தை விரிப்பின் நாலு மூலையையும் முட்டி போட்டுக்கொண்டுதான் செருக வேண்டியிருக்கும். அதை யார் செய்கிறார்கள்?

மாடிவீடு:
வேலை இருக்கிறது என்பதற்காக விருந்தினரை வாசலோடு நிறுத்துவதா? வேலைக்குப் பயந்தவர்கள் வீட்டைப் பூட்டி மாத வாடகைக்கு விடலாம்.

துணிக்கொடி:
யார் செய்கிறார்கள் என்று கேட்டேன்.

ஜன்னலோரம்:
விடுதி நடத்துகிறவன் இல்லை, தங்குகிறவன். கடிகாரங்கள் நிறைந்த அறை ஒன்றில் நானும் தங்கியிருக்கிறேன், மாடிவீட்டுக்காரருடையது அல்ல. இரவு முழுக்க டிக் டிக். கடைசியில் ஒன்றொன்றாகக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலை மேசையில் உட்கார்ந்தபோது யாரோடும் பேசுகிற நிலையில் இல்லை. அன்றைக்கு ஒரு கூடை கிடைத்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

மாடிவீடு:
என் கடிகாரங்கள் ஒன்றும் சத்தம் போடாது. ஒன்றுக்கும் சாவி கொடுப்பதில்லை.

சாவிக்கொத்து:
ஆக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டுவதன் ரகசியம் அதுதானா! ஓடாத கடிகாரங்களைத் தொங்கவிட்டால் கலை, ரொட்டிக் கூடையைத் தொங்கவிட்டால் சோம்பேறித்தனம்.

மாடிவீடு:
நான் சோம்பேறித்தனம் என்ற சொல்லையே எழுதவில்லை. ஓடவிடாமல் வைத்திருப்பது விருந்தினர் தூங்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் எது எந்தக் காலத்தியது என்று மேசையில் உட்கார்ந்து சொல்வேன். கூடைக்கு வாய் இருக்கிறதா சொல்ல?

சாவிக்கொத்து:
நாய் இழையிலும் இதே கதைதான். விடுதியில் நாயை அனுமதித்தால் விருந்தினருக்கு மரியாதை இல்லை என்று நாற்பது பதிவு எழுதினீர்கள். பிறகு நீங்களே ஒரு நாய் வளர்க்கிறீர்கள் என்று தெரிந்தது.

மாடிவீடு:
அது காவலுக்கு. அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்?

சாவிக்கொத்து:
நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில், காட்டன்வுட் என்ற ஊரில் பீகிள் நாய் உருவத்திலேயே ஒரு விடுதி கட்டினார்கள். எங்கெங்கிருந்தோ வண்டி ஓட்டிக்கொண்டு போனவர்கள் சாப்பாட்டு மேசைக்காகவா போனார்கள்? நாயின் வயிற்றுக்குள் ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்கத்தான் போனார்கள்.

மாடிவீடு:
நல்ல உதாரணம், எனக்குத்தான் உதவுகிறது. அதைக் கட்டியவர்கள் ரம்பத்தால் மரம் செதுக்கும் கணவன் மனைவி. அவர்கள் பட்டறையும் அங்கேயேதான் இருந்தது. கட்டினவர்களை நேரில் பார்க்க முடிகிற இடம் அது. கூடையை மாட்டிவிட்டு ஒளிந்துகொள்கிற இடம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் வாடகை கட்டக் காசில்லாமல் தங்கள் வீட்டிலேயே காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். காலை உணவும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஏர்பிஎன்பி என்ற நிறுவனமே அதிலிருந்துதான் வளர்ந்தது. இன்று அதில் பதிவான எத்தனையோ வீடுகளில் உரிமையாளரின் முகம்கூடத் தெரியாது. எண்பூட்டுப் பெட்டியில் சாவி, சுவரில் வைஃபை கடவுச்சொல், முடிந்தது கதை. முதலில் போவது மேசை. அடுத்து வரவேற்பு போகும், அப்புறம் வீட்டுக்காரரே போய்விடுவார். கூடை அந்த வழியில் முதல் படி. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சாவிக்கொத்து:
ஒரு ரொட்டிக் கூடை இத்தனை பெரிய பாவத்தைச் செய்யும் என்று தெரியாமல் போயிற்று. ரயில் பெட்டிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். வருகிறவரை நானே விளக்கோடு வந்து கூட்டிப்போகிறேன், மேல் படுக்கையின் சங்கிலியை எப்படி மாட்டுவது என்று காட்டுகிறேன். காலையில் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை.

துணிக்கொடி:
ஒத்துக்கொள்ளாத உணவுகளைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலக்கடலை, எள், பால், முட்டை என்று 14 பொருள்களைப் பட்டியலிட்டு, எந்த உணவில் எது இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கூடையில் சீட்டு இருக்கிறதா? மேசையில் யாராவது கேட்கிறார்களா?

மாடிவீடு:
மேசையில் நேருக்கு நேர் கேட்டுவிடலாம். கூடையில் கேட்க முடியாது.

சாவிக்கொத்து:
பதிவு செய்யும்போதே கேட்டுவிடுகிறேன். எட்டரை மணிக்குச் சமைத்து முடித்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?

பதிவேடு:
உரிமையாளர் அதே இடத்தில் குடியிருக்கிறாரா என்ற கேள்விக்கு இப்போது சாவிக்கொத்தாவது பதில் சொல்லியிருக்கிறார், நன்றி. மாடிவீடு?

மாடிவீடு:
சுற்றிச் சுற்றி வேறு எங்கோ போகிறோம். நாய், கடிகாரம், எள் எல்லாம் கிடக்கட்டும். முந்தின இரவே மாட்டிய கூடையும் சூடாகக் கையில் கொடுக்கிற தட்டும் ஒன்றா? ஒன்று என்று ஒருவராவது நேராகச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

சாவிக்கொத்து:
தட்டு சூடாக இருக்கும்போது விருந்தினர் தூங்கிக்கொண்டிருந்தால் கூடைதான் மேல்.

மாடிவீடு:
எழுப்பினால் எழுந்திருப்பார்கள்.

ஜன்னலோரம்:
எழுப்புவீர்களா? உங்கள் விடுதி எங்கே என்று சொல்லிவிடுங்கள், ஒதுங்கிக்கொள்கிறேன்.

மாடிவீடு:
கதவை மெதுவாகத் தட்டுவோம், அவ்வளவுதான். இதைக்கூடத் திரித்துப் பேசினால் நான் என்ன சொல்வது? காலை வேலை முடித்துவிட்டு மற்றதற்கெல்லாம் விரிவாக எழுதுகிறேன். கூடை விஷயத்தில் மட்டும் ஒரு எழுத்துகூட மாற்றமாட்டேன்.

துணிக்கொடி:
எழுதும்போது அந்த மேசையை யார் துடைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அண்ணா.