வெல்கரை விட்டது சரியா? டென்வரில் அவருக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு?

ஃபாக்ஸ்பரோ_பித்தன்:

பழைய விஷயம்தான். ஆனால் என்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், டென்வர் ப்ராங்கோஸ் இரண்டு பெயரும் ஒன்றாகக் காதில் விழுந்தாலே எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் இந்தச் சண்டை கிளம்பிவிடுகிறது, அதனால் விவரம் தெரிந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று போடுகிறேன்.

2013 மார்ச்சில் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) வெஸ் வெல்கர் எங்களை விட்டு டென்வருக்குப் போனார். இரண்டு வருடம், 1.2 கோடி டாலர். பேட்ரியட்ஸ் தருவதாகச் சொன்னது அதே இரண்டு வருடத்துக்கு 1 கோடி. முந்தைய வருடம் ஃப்ரான்சைஸ் டேக்கில் (வீரரை அணி ஒரு வருடம் விலகவிடாமல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு) ஒரே சீசனுக்கு 95 லட்சம் வாங்கியவர் அவர். 2007 முதல் 2012 வரை ஆறு சீசனில் 672 கேட்ச், அதில் ஐந்து சீசன் நூறைத் தாண்டியவை. இப்படிப்பட்ட ஆளை வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் இழுபறியில் விட்டுவிட்டார்கள், அதுவும் யாரிடம்? டென்வரில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கிடம்.

என் நண்பன் ஒருவன் ப்ராங்கோஸ் வெறியன். அவன் 2013 கணக்கைத் தூக்கிக் காட்டுகிறான்: 10 டச்டவுன் (களத்தின் கோடியிலுள்ள எண்ட் ஸோனில் பந்தோடு நின்று எடுக்கும் ஸ்கோர்). எங்கள் குவார்ட்டர்பேக் டாம் ப்ரேடியுடன் ஆடிய காலத்தில் வெல்கர் எந்தச் சீசனிலும் பத்தைத் தொட்டதில்லை, 2011-ல் எடுத்த 9 தான் அதிகம். "உங்க கோச் பெலிசெக் கஞ்சத்தனத்தால கோட்டை விட்டுட்டார்" என்கிறான். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு பதிலும் அகப்படவில்லை. எதிரணிக்குப் போன ஒரு ரிசீவரின் மதிப்பை எதை வைத்துச் சொல்வது? டச்டவுனா, கேட்சா, இல்லை அவர் போன பிறகு நம் பக்கம் என்ன ஆனது என்பதா?

மைல்ஹை_மணி:

உங்கள் நண்பர் சொல்வதில் தப்பே இல்லை. 2012-ல் மேனிங் வந்த முதல் வருடம் நாங்கள் எடுத்தது 481 புள்ளி. அப்போது ஸ்லாட்டில் (ஓரத்து ரிசீவருக்கு உள்பக்கம், வெல்கர் ஆடும் இடம்) ஆடியவர் பிராண்டன் ஸ்டோக்லி, 36 வயது, 45 கேட்ச், 5 டச்டவுன், அந்த வயதுக்கு அதுவே பெரிசு. அடுத்த வருடம் அதே இடத்தில் வெல்கர் வந்து நின்றார், 606 புள்ளி, இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. மேனிங் 55 டச்டவுன் பாஸ், 5,477 யார்ட். வெளிப்பக்கம் டெமேரியஸ் தாமஸும் எரிக் டெக்கரும் ஓட, நடுவில் எட்டு யார்டில் திரும்பி நிற்கும் வெல்கரைப் பார்த்துக்கொள்ள ஒரு சேஃப்டி (கடைசியில் நிற்கும் காவல் ஆள்) கீழே இறங்கியே ஆக வேண்டும், அவர் இறங்கினால் மேலே டெமேரியஸ், இறங்காவிட்டால் தேர்ட் டவுனில் (பத்து யார்ட் நகர்வதற்கான மூன்றாவது முயற்சியில்) வெல்கர். மேனிங் மாதிரி லைனில் நின்று எல்லாவற்றையும் படிக்கிற ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வருடத்துக்கு அறுபது லட்சத்துக்கு இது கிடைத்தது என்றால் எங்கள் பக்கம் அது லாபம்தான், பேட்ரியட்ஸ் பக்கம் அதை எந்த பெயர் வைத்து வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.

பழைய_கணக்கு:

மணி, 481-லிருந்து 606-க்குப் போனதில் வெல்கருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜூலியஸ் தாமஸை ஏன் விட்டுவிட்டீர்கள்? முந்தைய இரண்டு சீசனையும் சேர்த்து ஒரே ஒரு கேட்ச் எடுத்திருந்த டைட் எண்ட் (மறிக்கவும் பிடிக்கவும் செய்கிற ஆள்) அவர், 2013-ல் திடீரென்று 12 டச்டவுன். டெமேரியஸ் 14, ஜூலியஸ் 12, டெக்கர் 11, வெல்கர் 10. ஒரே அணியில் நான்கு பேர் பத்து டச்டவுன் கேட்சைத் தொட்டது லீக் வரலாற்றில் அதுதான் முதல்முறை. அப்படி ஒரு வருடத்தில் யார் பத்து எடுத்தார் என்பதை வைத்து ஆளை எடை போட முடியாது, எண்ட் ஸோனுக்குப் பக்கத்தில் நாலு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார் மேனிங். ஸ்லாட் ரிசீவருக்கு டச்டவுன் என்பதே மோசமான அளவுகோல், அவர் வேலை வேறு.

அந்த வேலையைப் பார்த்தால்? 2012-ல் ப்ரேடியுடன் 16 ஆட்டத்தில் 118 கேட்ச், 1,354 யார்ட். 2013-ல் டென்வரில் 13 ஆட்டத்தில் 73 கேட்ச், 778 யார்ட். ஆட்டத்துக்கு ஏழுக்கு மேல் இருந்தது ஆறுக்குக் கீழே வந்துவிட்டது, கேட்ச் ஒன்றுக்குக் கிடைத்த யார்டும் இறங்கியது. மீதி மூன்று ஆட்டம் எங்கே என்று கேட்பீர்கள். நவம்பரில் சீஃப்ஸுடன் ஆடும்போது தலையில் அடி, டிசம்பரில் டைட்டன்ஸுடன் மறுபடியும் அடி, அத்தோடு ரெகுலர் சீசன் முடிந்தது. 2014 ஆகஸ்டில் பயிற்சி ஆட்டத்தில் மூன்றாவது. பத்து மாதத்துக்குள் மூன்று கன்கஷன் (மூளை அதிர்ச்சி). அந்த வருடம் 49 கேட்ச், 464 யார்ட், 2 டச்டவுன். அதற்கடுத்து ராம்ஸில் எட்டு ஆட்டம், 13 கேட்ச், முடிந்தது.

அதனால் டென்வர் வாங்கியது ஒரு நல்ல சீசனின் முக்கால் பாகம். அதற்கு 1.2 கோடி அதிகமில்லை, ஆனால் அள்ளிக்கொண்டு போனோம் என்று சொல்கிற அளவுக்கும் இல்லை.

இதைச் சொன்னதும் பேட்ரியட்ஸ் ஆட்கள் "பார்த்தாயா, ப்ரேடி இருந்ததால்தான் வெல்கர்" என்று குதிப்பார்கள், அதுவும் நடக்காது. 2008-ல் முதல் ஆட்டத்திலேயே ப்ரேடி முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். காலேஜில்கூட குவார்ட்டர்பேக்காக ஸ்டார்ட் பண்ணாத மேட் காசெல் வந்து பந்து போட்டார். வெல்கர் அந்த வருடம் எடுத்தது 111 கேட்ச், 1,165 யார்ட். மையாமியிலிருந்து ஒரு இரண்டாம் ரவுண்டு, ஒரு ஏழாம் ரவுண்டு ட்ராஃப்ட் பிக் (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்து வாங்கிய ஆள், யார் எறிந்தாலும் பிடித்தார். அந்த மனிதருக்கு மதிப்பு இருந்தது, 2013-க்குள் உடம்பு தேய்ந்துவிட்டது. அந்த மே மாதம் அவருக்கு 32 வயது.

லாம்போ_தாவல்:

பேக்கர்ஸ் ரசிகனாக நடுவில் ஒரு வார்த்தை. அதே 2013 மார்ச்சில் எங்கள் கிரெக் ஜென்னிங்ஸ் வைக்கிங்ஸுக்குப் போனார், அதுவும் ஒரே டிவிஷன், வருடத்துக்கு இரண்டு தடவை எதிரே பார்க்க வேண்டிய அணி. ஐந்து வருடம், 4.5 கோடி. 68 கேட்ச் ஒரு வருடம், 59 அடுத்த வருடம், 2015 மார்ச்சில் கழற்றிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஜோர்டி நெல்சன் 2014-ல் 98 கேட்ச், 1,519 யார்ட், 13 டச்டவுன். விற்ற மாடு பக்கத்து வீட்டில் எத்தனை படி கறக்கிறது என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் தொழுவத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அவ்வளவுதான்.

ஃபாக்ஸ்பரோ_பித்தன்:

லாம்போ, நீங்கள் சொன்னதுதான் நான் தேடிய பதில் மாதிரி இருக்கிறது. வெல்கர் வேலையை எடுத்துக்கொண்ட எங்கள் ஜூலியன் எடெல்மன் 2013-ல் 105 கேட்ச், 1,056 யார்ட். அப்புறம் சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) மோதிரங்கள். அப்போ வெல்கரை விட்டது சரி என்று முடித்துவிடலாமா?

இன்னொன்று, வெல்கர் டென்வர் சட்டையில் எங்கள் சொந்த ஊர் மைதானமான ஃபாக்ஸ்பரோவுக்கு வந்த அந்த 2013 நவம்பர் 24 ஆட்டம் யாருக்கும் மறந்திருக்காது. பாதியில் 24-0 என்று பின்தங்கி இருந்தோம். கடைசியில் 34-31, ஓவர்டைமில். எடெல்மன் 9 கேட்ச், 110 யார்ட், 2 டச்டவுன், வெல்கர் 4 கேட்ச், 31 யார்ட். அதைவிட, ஆட்டத்தை முடித்ததே அந்த பன்ட்தான் (எதிரணிக்கு உதைத்து அனுப்பும் பந்து), வெல்கர் பிடிக்காமல் விலகிக்கொண்டார், பந்து குதித்து அவர் ஆள் டோனி கார்ட்டர் மேலேயே பட்டது, எங்கள் நேட் எப்னர் விழுந்து எடுத்தார், எங்கள் காஸ்ட்காவ்ஸ்கி 31 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல். இதைவிட நல்ல பதில் என் நண்பனுக்கு வேண்டுமா?

மைல்ஹை_மணி:

ஒரு பன்ட்டை வைத்து முடிவு கட்டுகிறீர்களே! அதற்கு இரண்டு மாதம் கழித்து டென்வரில் நடந்த ஏஎஃப்சி (லீக்கின் ஒரு பாதி) இறுதி ஆட்டத்தையும் சொல்லுங்கள், 26-16, சூப்பர் பவுலுக்குப் போனது நாங்கள். அன்று எல்லாம் மாறியது எப்போது தெரியுமா? குறுக்கே ஓடிய வெல்கர் உங்கள் கார்னர்பேக் (ரிசீவரை மறிப்பவர்) அகிப் தாலிப் மேல் மோதி, தாலிப் காயத்தோடு வெளியே போனாரே, அப்போது. டெமேரியஸை மறிக்க உங்களிடம் இருந்த ஒரே ஆள் அவர். அந்த ஆட்டத்தில் மொத்தமாக டெமேரியஸ் 7 கேட்ச், 134 யார்ட், ஒரு டச்டவுன். மறுநாள் பெலிசெக் அது வேண்டுமென்றே செய்தது என்று கொதித்தார். எங்கள் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஓடினார்கள், மோதிக்கொண்டார்கள்.

பழைய_கணக்கு:

மணி, அந்த மோதலை வெல்கரின் மதிப்புக் கணக்கில் சேர்ப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதை விடுங்கள்.

பித்தன், நீங்களும் அவசரப்படாதீர்கள். "எடெல்மன் வந்தார், ஆகவே விட்டது சரி" என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2013 மார்ச்சில் பேட்ரியட்ஸ் போட்ட திட்டத்தில் எடெல்மன் எங்கே இருந்தார்? வெல்கர் போன அதே நாளில் அவர்கள் ஓடிப்போய்ப் பிடித்தது டேனி அமென்டோலாவை, ஐந்து வருடம், 3.1 கோடி வரை. எடெல்மன் வேறு அணிகளைப் போய்ப் பார்த்துவிட்டு, யாரும் பெரிதாக எதுவும் தராததால், ஏப்ரலில் ஒரு வருடச் சின்ன ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர். அமென்டோலா முதல் ஆட்டத்திலேயே 10 கேட்ச் எடுத்தார், அதே ஆட்டத்தில் தொடை இடுக்குத் தசை கிழிந்தது, வருடம் முழுக்க 54 கேட்ச். அறுபது லட்சத்துக்கு 32 வயது ஆள் வேண்டாம் என்றவர்கள், அதே அளவு பணத்தைக் காயத்துக்குப் பேர் போன 27 வயது ஆளிடம் ஐந்து வருடத்துக்குக் கட்டினார்கள். அது கஞ்சத்தனம் இல்லை என்பது தெளிவு, ஆனால் தீர்க்கதரிசனமும் இல்லை.

அந்த வருடம் என்ன ஆனது என்றும் பாருங்கள். ஜூனில் டைட் எண்ட் ஆரன் ஹெர்னாண்டஸ் கைதானார், அன்றே கழற்றிவிட்டார்கள். இன்னொரு டைட் எண்ட் க்ரான்காவ்ஸ்கி ஏழு ஆட்டம்தான் ஆடினார். ப்ரேடிக்கு எதிரே இருந்தது தாம்ப்கின்ஸ், டாப்சன் என்று புதுப் பையன்கள். 557 புள்ளி எடுத்த அணி 444-க்கு இறங்கியது. 12-4 என்று சமாளித்தது வேறு கதை. வெல்கர் அந்த வருடம் மட்டும் இருந்திருந்தால் அறுபது லட்சம் கொடுத்திருக்கலாம் என்று ப்ரேடியே நினைத்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் கணக்கு இது: ஒரு வருடத்துக்கு அவரை விட்டது தப்பு, இரண்டு வருடத்துக்கு விட்டது சரி.

ஸ்லாட்_ராசா:

பழைய கணக்கு சார், ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எடெல்மன் தற்செயலாக வந்தவர் போலப் பேசுகிறீர்கள். 2010 ஜனவரியில் ஹூஸ்டனில் வெல்கர் முழங்கால் போன அன்றே எடெல்மன் இறங்கி 10 கேட்ச் எடுத்தார், அடுத்த வாரம் ரேவன்ஸிடம் நொந்துபோன அந்த ப்ளேஆஃப் ஆட்டத்தில் எங்கள் இரண்டு டச்டவுனும் அவர்தான். கென்ட் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காக இருந்த ஏழாம் ரவுண்டு ஆளை நான்கு வருடம் ஸ்லாட், பன்ட், ஏன் கார்னர்பேக் வேலைக்குக்கூட விட்டு வளர்த்தது சும்மாவா? சம்பளம் சின்னதாக இருந்ததற்குக் காரணம் காயங்கள், நம்பிக்கை இல்லாததால் அல்ல. 2014-ல் நான்கு வருடத்துக்கு மறுபடி எடுத்தார்கள், அடுத்த பிப்ரவரியில் சீஹாக்ஸுக்கு எதிராக 9 கேட்ச், 109 யார்ட், வெற்றி டச்டவுன். நீங்கள் திட்டும் அமென்டோலாவும் அன்று ஒரு டச்டவுன்.

வெல்கர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஜயண்ட்ஸுக்கு எதிரான அந்த 2012 சூப்பர் பவுலில் நான்கு நிமிடம் இருக்கும்போது கையில் பட்டு நழுவியதைச் சொல்லி அவரைத் திட்டுகிறவர்கள், பந்து அவர் முதுகுப் பக்கம் வந்தது என்பதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர் வேலையை ஆளில்லாமல் விடவில்லை பேட்ரியட்ஸ், அதுதான் வித்தியாசம்.

மைல்ஹை_மணி:

சரி, ஸ்லாட்டில் நீங்கள் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். சீஹாக்ஸிடம் 43-8 வாங்கியபோது வெல்கர் 8 கேட்ச், 84 யார்ட் எடுத்ததை யாரும் பேசப்போவதில்லை என்று தெரியும். ஆனால் அந்த மோதலில் வெளியே போன தாலிப் அடுத்த மார்ச்சில் எங்கே கையெழுத்துப் போட்டார்? டென்வரில், ஆறு வருடம், 5.7 கோடி. 2016 பிப்ரவரியில் நாங்கள் கோப்பை வாங்கியபோது கார்னரில் நின்றவர் அவர்தான். உங்கள் நண்பரிடம் அடுத்த சண்டையை இதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள் பித்தன்.

ஃபாக்ஸ்பரோ_பித்தன்:

தாலிப் போன இடத்துக்கு ரெவிஸ் வந்தார், அந்த வருடமே எங்களுக்குக் கோப்பை. இதை நீளமாகப் பேச வேண்டும், தனியாக ஒன்று போடுகிறேன்.