குரோமில் பில் டவுன்லோடு ஆகலை, ஃபயர்ஃபாக்ஸில் பாதிப் பேரோடு வருது. உதவி தேவை

பில்_பையன்:
வணக்கம். பிஎச்பி மொழியில் எழுதின ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். பட்டனை அழுத்தினா அந்தக் கடையோட பில் பிடிஎஃப் ஆக இறங்கணும். குரோமில் சில கடைகளுக்கு மட்டும் "சர்வரிலிருந்து ஒரே ஹெடர் இரண்டு முறை வந்துள்ளது"ங்கிற மாதிரி எரர் பக்கம் வருது. அதே பில் ஃபயர்ஃபாக்ஸில் இறங்குது, ஆனா "முருகன்"னு மொட்டையா நிக்குது, பின்னாடி டாட் பிடிஎஃப்கூட இல்லை. ஹெடரை (ஃபைலுக்கு முன்னாடி சர்வர் அனுப்புற குறிப்பு வரி) ஒரே ஒரு தடவைதான் அனுப்புறேன். கடைப் பேரெல்லாம் டேட்டாபேஸில் இங்கிலீஷ்லதான் இருக்கு.

சும்மா_வந்தவன்:
கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க ப்ரோ.

பில்_பையன்:
இன்காக்னிட்டோவிலும் அதேதான்.

பழைய_பிஎச்பி:
கேஷுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எரர் வர்ற கடைகளோட பேரைப் பாருங்க, கமா இருக்கா? எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் வரியையும் (ஃபைலை இறக்கணும், என்ன பேரில்னு சொல்ற ஹெடர்) அப்படியே இங்கே போடுங்க.

பில்_பையன்:
அட்டாச்மென்ட்; ஃபைல்நேம்=முருகன் ஸ்டோர்ஸ், மதுரை.பிடிஎஃப்
ஆமாண்ணா, எரர் வர்ற எல்லாத்திலும் கமா இருக்கு!

பழைய_பிஎச்பி:
பேரைச் சுத்தி டபுள் கோட்ஸ் இல்லை, அதான் வினை. இந்த ஹெடரில் கோட்ஸுக்கு வெளியே கமா வந்தா இன்னொரு மதிப்பு தொடங்குதுன்னு குரோம் எடுத்துக்கும். அதனால குரோம் இதை ரெண்டு ஹெடரா எண்ணி, ஆபத்துன்னு கதவைச் சாத்திடுது. ஃபயர்ஃபாக்ஸ் முதல் ஸ்பேஸ் வரைக்கும் படிச்சிட்டு விட்டுடுது. கோட்ஸ் போட்டா ரெண்டும் சரியாகும். பேருக்குள்ளேயே டபுள் கோட்ஸ் இருந்தா முதல்ல அதை எடுத்துடுங்க.

பில்_பையன்:
ரெண்டுமே சரியாயிடுச்சு, நன்றிண்ணா. அடுத்த மாசம் கடைப் பேரைத் தமிழ்லயே போடச் சொல்றாங்க. அதுக்கும் கோட்ஸ் போதுமா?

பழைய_பிஎச்பி:
போதாது. தமிழை அப்படியே அனுப்பினா ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாப் படிக்கும். ரெண்டு பேர் கொடுங்க. முதல்ல வழக்கமான ஃபைல்நேம், அதில் பில் நம்பர் மாதிரி வெறும் இங்கிலீஷ். அடுத்து ஃபைல்நேம் பக்கத்தில் நட்சத்திரக் குறி, சமக்குறி, யுடிஎஃப்-8, ரெண்டு சிங்கிள் கோட்ஸ், அப்புறம் என்கோடு பண்ணின (சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமா மாத்தின) தமிழ்ப் பேர். இதைச் சுத்தி டபுள் கோட்ஸ் வேண்டாம். 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6266-ங்கிற இணைய விதிமுறை ஆவணம் சொல்ற முறை இது. என்கோடு பண்ண பிஎச்பியோட ரா-யூஆர்எல்-என்கோடு ஃபங்ஷனையே எடுங்க. 'ரா' இல்லாத வெறும் யூஆர்எல்-என்கோடு ஸ்பேஸுக்குப் பதிலா பிளஸ் குறியைப் போட்டுடும்.

பில்_பையன்:
தமிழ்ப் பேரும் அழகா வருது. ஒரே ஒரு கடை மட்டும் டவுன்லோடு ஆகாம டேபிலேயே திறக்குது, எந்த பிரவுசரா இருந்தாலும்.

பழைய_பிஎச்பி:
முதல் ஃபைல்நேமில் அந்தக் கடையோட இங்கிலீஷ் பேரை என்கோடு பண்ணாம போட்டிருக்கீங்களா, அது எக்செலில் இருந்து காப்பி பண்ணின பேரா? உள்ளே என்டர் ஒண்ணு ஒட்டியிருக்கும். புது வரி இருந்தா பிஎச்பி அந்த ஹெடரையே அனுப்பாது, அதனால பிரவுசர் பிடிஎஃபைத் திறந்து காட்டிடும். எரர் லாக் பாருங்க.

பில்_பையன்:
ஆமாண்ணா, லாக்ல அதேதான் இருக்கு. பேரோட ஓரத்தில் ஒட்டின ஸ்பேஸ், என்டரை வெட்டுற டிரிம் ஃபங்ஷனைப் போட்டாச்சு, இறங்குது.