இங்க்ல கையெழுத்து இருந்தா போலியாம், கேட்டீங்களா

பழையகாகிதம்:
நேத்து இங்க ஒருத்தர் வந்து "அண்டார்க்டிகா குளிர்ல இங்க் உறைஞ்சிடும், அதனால நூறு வருஷம் முன்னாடி அங்க போன ஸ்காட், ஷாக்கிள்டன் டீம் கையெழுத்து இங்க்ல இருந்தா கண்ண மூடிட்டு போலின்னு சொல்லலாம், பென்சில்தான் ஒரிஜினல்"னு தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்காரு. அதுக்கு 22 லைக் வேற. படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல. ஏம்ப்பா, அவங்க என்ன ஆயுசு பூரா ஐஸ் மேலயே உக்காந்தா கையெழுத்து போட்டாங்க? ஷாக்கிள்டன் 1909ல ஊர் திரும்பி ஊர் ஊரா மேடை ஏறிப் பேசுனாரு, விருந்துக்குப் போனாரு, நீட்டுன அட்டைல எல்லாம் போட்டாரு. அதே வருஷம் வந்த அவரோட புத்தகத்துல 300 பிரதி மட்டும் ஸ்பெஷலா போட்டு, அண்டார்க்டிகா கரையில அவரோட தங்குன ஆளுங்க கையெழுத்தோட தனியா ஒரு வால்யூம் சேத்துக் குடுத்தாங்க. அதுல இங்க்ல போட்டதும் இருக்கு. 300ம் போலியா?

பனிக்கரடி77:
அந்த ஒருத்தர் நான்தான். பேர் சொல்லியே திட்டலாம்ணே, பயப்படாதீங்க. நான் பேசுறது சயின்ஸ். தண்ணி உறையுற இடத்துல இங்க் உறையுமா உறையாதா? துருவத்துலேருந்து திரும்புற வழில டென்ட்லயே செத்துப் போன ஸ்காட்டோட கடைசி டைரி பென்சில். டென்ட்டுக்குள்ள இருந்து எழுதுன கடைசி லெட்டர் பென்சில். 1912 நவம்பர் 12ல தேடிப் போனவங்க கைல கிடைச்சது பென்சில் எழுத்து. இதுக்கு பதில் சொல்லுங்க.

பழையகாகிதம்:
டென்ட்ல பென்சில்னா இல்லைன்னு யாருய்யா சொன்னா? டென்ட் வேற, குடிசை வேற. குடிசைக்குள்ள அடுப்பு எரியும், மேஜை இருக்கும், பாட்டுப்பெட்டி கூட இருந்துச்சு. 1908 குளிர்காலத்துல ஷாக்கிள்டன் டீம் தங்குன கேப் ராய்ட்ஸ் குடிசைல வச்சு ஒரு புத்தகமே அச்சடிச்சாங்க தெரியுமா, அரோரா ஆஸ்ட்ராலிஸ்னு, டீம்ல இருந்த ஜாய்ஸும் வைல்டும் லண்டன்ல ஒரு அச்சகத்துல மூணு வாரம் வேலை கத்துக்கிட்டுப் போய் ஏறக்குறைய நூறு பிரதி போட்டாங்க, அட்டை எதுலங்குறீங்க, சாமான் வந்த மரப்பெட்டி பலகைல, உள்பக்கம் திருப்புனா "பட்டர்"னு பெட்டில அடிச்ச எழுத்து அப்படியே நிக்கும், மசி இறுகிப் போகுதுன்னு கீழ விளக்கு வச்சு சூடு காட்டி ஓட்டுனாங்க, அதுல ஷாக்கிள்டனும் படம் போட்ட மார்ஸ்டனும் கையெழுத்து போட்ட பிரதி இருக்கு. இப்ப சொல்லு.

பனிக்கரடி77:
விளக்கு வச்சாதானே இளகுச்சு? அப்ப இங்க் உறையும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி வணக்கம்.

பழையகாகிதம்:
தலைல அடிச்சுக்க ரெண்டு கை பத்தல.

ஸ்டாம்ப்தாத்தா:
இதுக்குத்தான் கையெழுத்து பக்கமே போகாதீங்கன்னு சொல்றேன். முத்திரை குத்துன தபால் கவர் சேருங்க, ஸ்டாம்ப் சேருங்க. 1908ல ஷாக்கிள்டனையே போஸ்ட்மாஸ்டரா பதவி ஏற்க வச்சு, நியூசிலாந்து ஒரு பென்னி ஸ்டாம்ப் மேல "கிங் எட்வர்ட் VII லேண்ட்"னு அச்சடிச்சுக் குடுத்து அனுப்புனாங்க. முத்திரை பொய் சொல்லாது.

பழையகாகிதம்:
முத்திரையா? தாத்தா, அமெரிக்காக்காரன் பர்ட் ரெண்டாவது தடவை அண்டார்க்டிகா போனப்ப 1933ல 3 சென்ட் ஸ்டாம்ப் போட்டு, ஒரு கவருக்கு 53 சென்ட் வாங்குனாங்க. கவர் மலையா குவிஞ்சு போய், முத்திரை குத்துறதுக்குன்னே ஒரு தபால் ஆபீசரை கப்பல் ஏத்தி அங்க இருந்த பர்ட் முகாம் லிட்டில் அமெரிக்காவுக்கு அனுப்புனாங்க, 1935ல. இன்னிக்கும் எந்த டீலர் டப்பாவுல கை விட்டாலும் அந்தக் கவர் வரும். அது பயணமா, மெயில் ஆர்டர் பிசினஸா?

ஸ்டாம்ப்தாத்தா:
என் கலெக்‌ஷனை டப்பான்னு சொன்னதை ஞாபகம் வச்சுக்குறேன்.

கப்பல்காரன்:
இவ்ளோ பேசுற பழையகாகிதம் அண்ணன்தான் "இ. எவன்ஸ்"னு இருந்த ஒரு அட்டைய வாங்கி, எட்கர் எவன்ஸ், தென் துருவம் தொட்டவர், அபூர்வம்னு ஆறு மாசம் இங்க படம் காட்டுனாரு. கடைசில பாத்தா அது அதே ஸ்காட் டீம்ல இருந்த டெடி எவன்ஸ் 😂 எட்கர் 1912 பிப்ரவரில திரும்பி வர்ற வழிலயே செத்துட்டாரு. டெடி அட்மிரல் ஆகி, லார்ட் ஆகி, 1957 வரைக்கும் இருந்து கேட்டவனுக்கெல்லாம் போட்டுக் குடுத்த மனுஷன்.

பழையகாகிதம்:
அது 2011. அந்த டீலர் என்னை ஏமாத்துனான். அதை இங்க இழுக்க என்ன அவசியம்? நீ என்கிட்ட வாங்குன ரெண்டு புத்தகத்துக்கு இன்னும் பாதி காசு வரல, நான் வாய தொறந்தனா?

கப்பல்காரன்:
புத்தகத்துல பூச்சி இருந்துச்சு, அதனால பாதி.

நெல்லைக்காரி:
ஒரு சந்தேகம். முதல் இந்திய அண்டார்க்டிகா பயணம் 1981 டிசம்பர் 6 கோவாவுல கிளம்புச்சுல்ல, காசிம் சார் தலைமைல 21 பேர். அதுல போன ஒருத்தர் எங்க சித்தப்பாவுக்கு ஒரு கவர்ல கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. பால்பாயின்ட் பேனா. அப்ப அதுவும் போலியா கரடி சார்?

பனிக்கரடி77:
இல்ல சிஸ்டர், அது கோவாவுலயோ திரும்பி வந்தோ போட்டிருப்பாங்க.

பழையகாகிதம்:
அடேய்!!! அதைத்தானடா காலைலேருந்து கத்திட்டு இருக்கேன்!

பனிக்கரடி77:
அது இந்தியன் எக்ஸ்பெடிஷன், வேற கேஸ். அப்புறம் "டா" எல்லாம் வேணாம்.

பழையகாகிதம்:
சரி, "டா"வை வாபஸ் வாங்கிட்டேன். ஆனா இந்த பென்சில் பாட்டு ஏன்னு எல்லாருக்கும் தெரியட்டும். இந்தக் கரடி தம்பி போன மாசம் விற்பனைக்குன்னு ஒரு மெனு கார்டு போட்டுச்சு, 1911 ஜூன் 22, ஸ்காட் டீமோட நடுக்குளிர்கால விருந்தாம், ஏழு கையெழுத்து, ஏழும் பென்சில். நான் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். கார்டு நடுவுல மடிப்பு. மூணாவது கையெழுத்து அந்த மடிப்பைத் தாண்டிப் போகுது, தாண்டுற இடத்துல கோடு தடுக்கி விழுந்து, பள்ளத்துல கரி அடைஞ்சு நிக்குது. அதாவது கார்டு மடிஞ்சு, மடிப்பு நைஞ்சு போன பிறகு எவனோ எழுதியிருக்கான். இன்னொண்ணு, நூறு வருஷம் மடிச்சு வச்ச கார்டுன்னா பென்சில் கரி எதிர்ப்பக்கத்துல கொஞ்சமாவது ஒட்டியிருக்கணும். எதிர்ப்பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கு. இங்க்னா பழைய பேப்பர்ல புதுசா போட்டா கசிஞ்சு பரவிக் காட்டிக் குடுத்துடும், பென்சில் அப்படிக் காட்டிக் குடுக்காது, அதனாலதான் டூப் அடிக்கிறவனுக்குப் பென்சில் மேல அவ்ளோ பாசம். சாய்வா டார்ச் அடிச்சு ஒரு போட்டோ போடு, பேசுவோம்.

பனிக்கரடி77:
போட்டோ எல்லாம் சீரியஸா வாங்குறவங்களுக்கு மட்டும், தனி மெசேஜ்ல. எவன்ஸ் வாங்குனவருக்கு இல்ல.

கப்பல்காரன்:
👏👏

பழையகாகிதம்:
தென் துருவத்தைப் பத்திப் பேச வந்துட்டு பேரு பனிக்கரடி. அங்க கரடியே கிடையாது, அது வடக்கு. இதுலயே தெரியல உன் சயின்ஸ்?

பனிக்கரடி77:
பேரு என் பொண்ணு வச்சது. அவளை இழுக்காதீங்க.

நெல்லைக்காரி:
என் கவருக்கு யாராவது பதில் சொல்லுங்க...

ஸ்டாம்ப்தாத்தா:
அந்த கவர்ல முத்திரை என்ன தேதிம்மா? முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பு. டப்பாக்காரன் பாத்து சொல்றேன்.

பனிக்கரடி77:
எல்லாரும் எங்கெங்கயோ போறீங்க. என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், காலைலேருந்து ஒருத்தரும் நேரா பதில் சொல்லல. குளிர்ல இங்க் உறையுமா, உறையாதா?

பழையகாகிதம்:
குடிசைக்குள்ளயா வெளியிலயா?

பனிக்கரடி77:
உறையுமா, உறையாதா?