ஒரே பாத்திரத்தில் மாட்டுக்கறி சீஸ் மக்ரோனி: சீஸ் ஏன் உருகாமல் திரண்டுவிடுகிறது?

பூவரசு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருமுறை மாட்டுக் கொத்துக்கறியையும் மக்ரோனியையும் தக்காளியோடு ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, செடார் சீஸ் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து என் பிள்ளைகள் வாரம் தவறாமல் அதையே கேட்கிறார்கள்.

மூன்று முறை முயன்றும் எனக்குச் சரியாக வரவில்லை. 450 கிராம் கொத்துக்கறியை நறுக்கிய வெங்காயத்துடன் வதக்கிவிட்டு, 250 கிராம் மக்ரோனி, ஒரு டப்பா தக்காளி, மூன்று கப் தண்ணீர், ஒரு கப் பால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். பதினைந்து நிமிடம் கழித்து, கடையில் துருவியே விற்கும் செடாரை ஒரு பை முழுவதும் கொட்டிக் கிளறினேன். பால் திரிந்துவிட்டது, சீஸ் கரண்டியில் ரப்பர் போல ஒட்டிக்கொண்டு, மேலே எண்ணெய் மிதந்தது. மக்ரோனி குழைந்துவிட்டது, கறியோ அவித்தது போல வெளுத்துக் கிடந்தது. எந்த இடத்தில் தவறுகிறேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரிச்சட்டி எழுதியது:

பூவரசு அவர்களுக்கு, சீஸைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் கறியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தச் சமையலின் ருசியில் பாதி முதல் பத்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. வெங்காயத்தையும் கறியையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் நீர் விட்டுக்கொள்ளும்; அந்த நீர் வற்றும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே கறி சிவக்காமல் வேகத்தான் செய்யும். அடிகனமான அகன்ற பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து, கறியை மட்டும் அடை போலப் பரப்பி, நான்கைந்து நிமிடம் கரண்டியே படாமல் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் கரும்பழுப்பாக மாறி, "சொய்" என்ற ஓசை "சடசட" என்று மாறியபின் உடைத்துவிட்டுக் கிளறலாம். இருபது விழுக்காடு கொழுப்புள்ள கொத்துக்கறியானால் நிறையக் கொழுப்பு உருகி வரும். இரண்டு மேசைக்கரண்டி அளவு வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். நீங்கள் பார்த்த எண்ணெயில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம்.

பிறகுதான் வெங்காயமும் பூண்டும். அவை வதங்கியதும் ஒரு கரண்டி தக்காளி விழுதைச் சேர்த்து, அது செங்கல் நிறமாகும்வரை பிரட்டுங்கள். தண்ணீர் ஊற்றியவுடன் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிட வேண்டும். கழுவும்போது சாக்கடைக்குப் போகிற அந்தப் பழுப்பில்தான் குழம்பின் ருசி இருக்கிறது.

தண்ணீர் அளவும் மிகுதி. மக்ரோனியைத் தனியாக வேகவைத்து வடிக்கிறவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை. இங்கே வடிப்பதே கிடையாது என்பதால், ரவை உப்புமாவுக்கு அளப்பது போலவே அளந்து ஊற்ற வேண்டும். 250 கிராமுக்கு ஒரு டப்பா தக்காளியும் இரண்டரை கப் தண்ணீரும் போதும். மூடி வைத்துச் சிறுதீயில், உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே பதம் பாருங்கள். இடையில் மூன்று முறையாவது அடிவரை கிளறாவிட்டால் மக்ரோனி அடிப்பிடிக்கும்.

தேன்சிட்டு எழுதியது:

கரிச்சட்டி அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பாலும் சீஸும் கெட்டதற்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றே: புளிப்பும் மிகுந்த சூடும் சேர்ந்து பாலின் புரதத்தை இறுக்கிவிடுகின்றன. தக்காளியோடு பாலைக் கொதிக்கவிடுவது, எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பதற்கு அதிகத் தொலைவில் இல்லை. பாலுக்குப் பதிலாக, டப்பாவில் வரும் இனிப்பில்லாத சுண்டக்காய்ச்சிய பாலை அரை கப், மக்ரோனி வெந்தபின் சேர்த்துப் பாருங்கள். அது எளிதில் திரியாது.

சீஸில் புரதமும் கொழுப்பும் நீரும் பிணைந்திருக்கின்றன. கொதிக்கும் குழம்பில் போட்டால் புரதம் சுருங்கி நீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடும். ஆகவே அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தீயிலிருந்து நகர்த்தி, கொதி முழுவதும் அடங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தபின், 200 கிராம் சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, ஒன்று கரைந்தபின் அடுத்தது என்று சேர்க்க வேண்டும். மக்ரோனி விட்டுக்கொடுத்த மாவுச்சத்து அந்தக் குழம்பிலேயே இருப்பதால் கொழுப்பு எளிதில் பிரியாது. தண்ணீரை வடித்துக் கொட்டாமல் சமைப்பதன் பெரிய லாபம் அதுதான். பாத்திரம் ஒன்று குறைவது இரண்டாம்பட்சம்.

துருவி விற்கும் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மீது மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், அதனால் அது சீராக உருகாது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். நெடுநாள் முதிர்ந்த செடார் மணமாக இருந்தாலும் எளிதில் எண்ணெய் விடும் என்பதால், பாதிக்குப் பாதி இளம் செடாரையோ மான்டரி ஜாக் என்ற எளிதில் உருகும் சீஸையோ கலப்பது என் வழக்கம். அப்படியும் அச்சமாக இருந்தால் இரண்டு துண்டு பதப்படுத்திய சீஸைச் சேர்க்கலாம்; அதிலுள்ள சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். சீஸைப் பதப்படுத்தும் ஒரு முறைக்கு அமெரிக்க சீஸ் வணிகர் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் காப்புரிமை பெற்றார். சுவையறிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றாலும், இந்த ஒரு சமையலில் நான் அதற்கு வெட்கப்படுவதில்லை.

நிலாமுற்றம் எழுதியது:

ஒரு சிறு பின்குறிப்பு. ஒஹாயோவின் கொலம்பஸ் நகரத்தோடு இணைத்துச் சொல்லப்படும் ஜானி மார்செட்டி என்ற பண்டமும் இதே கறி, தக்காளி, சீஸ் சேர்க்கைதான், ஆனால் அதை ஓவனில் வைத்துச் சுடுவார்கள்; உங்கள் அண்டை வீட்டாருடையது அதன் உறவாக இருக்கக்கூடும். ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1971-இல் நாடெங்கும் விற்கத் தொடங்கிய ஹாம்பர்கர் ஹெல்பர் பெட்டியின் கருத்தும் இதுவே: பாஸ்தாவும் மசாலாத் தூளும் பெட்டியில் இருக்கும், கறி மட்டும் நம்முடையது.

பூவரசு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு நீங்கள் சொன்னபடியே செய்தேன். கறி சிவந்தது, பால் திரியவில்லை, சீஸ் கரண்டியிலிருந்து பட்டுப்போல வழிந்தது. ஆனால் மேசைக்கு வந்து கால் மணி நேரத்தில் கெட்டியாக இறுகிவிட்டது. மீதியை இன்று சூடாக்கியபோது மறுபடியும் எண்ணெய் பிரிந்தது.

கரிச்சட்டி எழுதியது:

வெண்பொங்கலை எப்படி இறக்குவீர்கள்? ஆறினால் இறுகும் என்று தெரிந்து தளர்வாகவே இறக்குவோம் அல்லவா, இதையும் அப்படியே, "கொஞ்சம் நீர்த்துவிட்டதோ" என்று ஐயம் வரும் பதத்தில் இறக்குங்கள். மீதியை நுண்ணலை அடுப்பில் முழுச்சூட்டில் வைக்காமல், ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்கு இரண்டு கரண்டி பால் தெளித்து, மூடி, அடுப்பில் மிகச் சிறுதீயில் வைத்து அடிக்கடி பிரட்டுங்கள்.