முகத்துக்கு மைக்ரோநீடிலிங், கழுத்துக்கு அக்குபங்சர்: இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யலாமா?

வெயில்மகள்:

வணக்கம். வயது 29, மாநிறம். இரண்டு கன்னத்திலும் பருத் தழும்புக் குழிகள் இருக்கின்றன. புதுப் பரு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோல் டாக்டர் நான்கு சிட்டிங் மைக்ரோநீடிலிங் (நுண்ணிய ஊசிகள் பதித்த ரோலரையோ பேனா போன்ற கருவியையோ முகத்தில் ஓட்டுவது) சொல்லியிருக்கிறார். மாதம் ஒரு சிட்டிங், ஆழம் 1.5 மி.மீ. கழுத்து வலிக்கு அக்குபங்சர் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அங்கே விசாரித்தபோது, "முகத்திலும் நாலு ஊசி வைத்தால் குழி தானாக ஏறிவிடும், ரோலர் எல்லாம் எதற்கு" என்றார்கள்.

எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் லீவு போட வேண்டும்? (ஸ்கூல் வேலை, ஸ்கூட்டியில்தான் போய்வருகிறேன்.) மூன்று வாரத்தில் தங்கை கல்யாணம், அதற்கு முன்பே முதல் சிட்டிங் முடிக்கலாமா? முகத்தில் அக்குபங்சர் ஊசி வைத்தால் குழி ஏறும் என்பது உண்மையா?

தோல்நலன்:

கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம். சிவப்பு நாலைந்து நாளில் அடங்கிவிடும் என்பது சரிதான். ஆனால் நம் மாநிறத் தோலில், காயம் ஆறிய இடம் சில சமயம் பழுப்பாகக் கறுக்கும். அந்தக் கறுப்பு தலைகாட்டுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அது மங்க மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் கணக்குப்படி அது சரியாக முகூர்த்த நாளில் வந்து நிற்கும். கல்யாணம் முடிந்து தொடங்குங்கள்.

அதற்குள் கண்ணாடி முன் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். மேலே எரியும் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். இரண்டு விரலால் கன்னத் தோலை மெல்ல விரியுங்கள். விரித்ததும் குழி மறைந்தால் அது ஆழமில்லாத, அலை போன்ற தழும்பு. மைக்ரோநீடிலிங்குக்கு நன்றாகக் கேட்பது இதுதான். விரித்த பிறகும் ஊசி குத்திய துளை மாதிரி கரும்புள்ளியாக நின்றால் அது ஐஸ்பிக் வகை. அதன் அடி தோலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும், 1.5 மி.மீ. ஊசி அதைத் தூக்காது. அந்தத் துளைகளுக்குள் மட்டும் குச்சி முனையால் அடர்த்தியான டி.சி.ஏ. அமிலம் தொட்டு வைக்கும் முறை தனியாக இருக்கிறது. சிரிக்கும்போது குழி இன்னும் உள்ளே இழுபட்டால், அடியில் நார் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். முதலில் அந்த நாரை அறுத்துவிட வேண்டும், அதற்குப் பெயர் சப்சிஷன். பெரும்பாலான முகங்களில் மூன்றும் கலந்துதான் இருக்கும். "என் கன்னத்தில் எது எத்தனை" என்று டாக்டரிடம் கேளுங்கள். நாலு சிட்டிங் முடிந்தும் ஒன்றும் மாறவில்லை என்பவர்களில் நிறையப் பேருக்குத் தழும்பு வகை பிரிக்கப்படாததுதான் காரணம்.

சிட்டிங் அன்று நடப்பது இது. லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்த, தோலை மரத்துப்போக வைக்கும் க்ரீமைத் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி 45 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். அவசரத்தில் 20 நிமிஷத்தில் துடைத்துவிட்டால் வலி முழுதாகத் தெரியும், அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு க்ரீமை மிச்சமில்லாமல் துடைத்து, கிருமிநாசினி போட்டு, ஊசி முனையை உங்கள் கண் முன்னால் சீல் பிரிக்க வேண்டும். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையால் மேல்கீழ், பக்கவாட்டு, இரண்டு குறுக்கு என நான்கு திசையிலும் நாலைந்து முறை ஓட்டுவார்கள். சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள் சீராக அரும்பியதும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் ஓட்டுவதால் பலன் கூடாது, காயம்தான் கூடும். முகத்துக்கு 15–20 நிமிஷம் போதும்.

1.5 மி.மீ. என்பது கன்னத்துக்குத்தான். நெற்றி, மூக்கு, கன்ன எலும்பு மேடு ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் உடனே எலும்பு. அங்கே 0.5 முதல் 1 மி.மீ. வரைதான் போக வேண்டும். எலும்பு மேல் அழுத்தி ஓட்டினால் தண்டவாளம் மாதிரி இணைகோட்டுத் தழும்பு விழும், அது போகாது. ரோலருக்குப் பதில் டெர்மாபென் என்ற பேனா வடிவக் கருவி என்றால் இன்னொரு தவறு நடக்கும். நேராகக் குத்தி எடுக்க வேண்டிய முனையை, பேனாவால் கோடு போடுவது போல் இழுத்துவிடுவார்கள். அது கீறல்தான்.

லீவு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை செய்தால் திங்கள் ஒரு நாள் லீவு போதும். முதல் நாள் முகம் தக்காளி நிறத்தில் இருக்கும், உச்சி வெயிலில் நின்றுவிட்டு வந்த எரிச்சல் இருக்கும். மறுநாள் லேசான வீக்கம். மூன்றாம் நாள் தோல் உப்புத்தாள் போல் சொரசொரக்கும், பிறகு மெல்ல உரியும். உரிகிற தோலைப் பிய்க்காதீர்கள். முதல் 24 மணி நேரம் சோப்பு வேண்டாம், கொதித்து ஆறிய நீர் மட்டும். பிறகு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். மறுநாளிலிருந்து ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30-க்கு மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகம், கழுத்துக்குச் சரியான அளவு. வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள்.

மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, செடியிலிருந்து அறுத்த கற்றாழை எதுவும் ஒரு வாரத்துக்கு முகத்தில் படக்கூடாது. த்ரெடிங், ப்ளீச் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ஸ்கூட்டி என்றீர்கள். ஹெல்மெட்டின் கன்னப் பக்கத்துப் பஞ்சைப் பாருங்கள். பழைய வியர்வையும் தலை எண்ணெயும் ஊறியிருக்கும், அது திறந்த துளைகளில் நேராகத் தேய்க்கும். பஞ்சைக் கழற்றித் துவைத்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள், முதல் இரண்டு நாள் பஸ்ஸில் போங்கள்.

முதல் வாரம் முடியும்போது கன்னம் பளபளவென்று, குழியெல்லாம் நிரம்பியது போல் தெரியும். அது வீக்கம். இரண்டாவது வாரம் வீக்கம் வடிந்ததும் "பழையபடி ஆகிவிட்டதே" என்று மனசு உடையும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் ஊறி இறுக மாதங்கள் ஆகும். கடைசி சிட்டிங்கிலிருந்து மூன்று மாதம் கழித்து, அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரத்தில் எடுத்த படத்தை வைத்துத்தான் தீர்ப்பு சொல்ல முடியும். குழி ஆழம் குறையும், அடியோடு மறையாது.

ஊசிமுனை:

தோல்நலன் சொன்னதோட, யாருக்குக் கூடாதுன்னும் சேர்த்துக்குங்க. காது குத்தின இடம், தடுப்பூசி போட்ட இடம் உருண்டு தடிச்சிருந்தா கெலாய்டு உடம்பு, டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டணும். சோரியாசிஸ், வெண்புள்ளி இருந்தா ஊசி ஓடின தடத்துலயே புதுசா கிளம்பும். முகத்துல தட்டை மரு இருந்தா ரோலர் அதை வரிசையா விதைச்சுட்டுப் போயிடும், முதல்ல மருவை எடுத்துட்டு வாங்க. உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வர்றவங்களுக்கு முன்கூட்டியே ஏசைக்ளோவிர் வகை மாத்திரை குடுப்பாங்க, சொல்லாம விட்டா முகம் பூரா பரவலாம். ரத்தம் இளக்கும் மாத்திரை, கட்டுக்கடங்காத சர்க்கரை, பருவுக்குக் குடுக்கற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இதெல்லாம் மறைக்காதீங்க. ரெட்டினால், கிளைகோலிக் க்ரீம் போடறவங்க அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்தணும்.

நாலாம் நாளும் வலி ஏறிக்கிட்டே போனா, சீழ் வச்சா, கொத்தாக் கொப்புளம் வந்தா அடுத்த சிட்டிங் வரை காத்திருக்காம அன்னைக்கே போய்க் காட்டுங்க.

வீட்டு ரோலரைப் பத்தி யாராவது கேட்பாங்கன்னு இப்பவே சொல்லிடறேன். 0.2–0.3 மி.மீ. ரோலர் குழியைத் தொடாது, பூசற க்ரீமைக் கொஞ்சம் உள்ளே தள்ளும், அவ்வளவுதான். மலிவான ரோலர்ல தனித்தனி ஊசி இருக்காது, தகடு வெட்டி அடுக்கின பல்தான் இருக்கும், அது துளைக்காது, கிழிக்கும். ரோலரைப் பஞ்சு மேல உருட்டிப் பாருங்க, நார் மாட்டினா முனை வளைஞ்சாச்சு, தூக்கிப் போடுங்க. ஓட்டின கையோட வைட்டமின் சி சீரம் ஊத்தாதீங்க. அப்படிப் பூசி முகத்துல கட்டி கட்டியா கிரானுலோமா வந்த பெண்களைப் பத்தி 2014-லயே மருத்துவ இதழ்ல வந்திருக்கு. முழுத் தோல்ல பூசறதுக்காகச் செஞ்ச பொருள் அது, துளைக்குள்ள போறதுக்கு இல்ல.

வெயில்மகள்:

ரொம்ப நன்றி இருவருக்கும். விரித்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் மறைகிறது, இடது கன்னத்தில் ஆறேழு துளை அப்படியே நிற்கிறது. அக்குபங்சர் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ஊசி என்றாலே பயம்.

நாடித்துடிப்பு:

பயப்பட வேண்டாம் சகோதரி. ஆஸ்பத்திரி ஊசிக்கு நடுவில் ஓட்டையும் வெட்டும் முனையும் உண்டு. அக்குபங்சர் ஊசி ஓட்டையில்லாத கம்பி, தடிமன் 0.25 மி.மீ. அளவு, முகத்துக்கு இன்னும் மெல்லியது. சதையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். சின்னக் குழலுக்குள் வைத்து விரலால் ஒரு தட்டு, எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிறகு உள்ளே கனமாக, மந்தமாக, பரவுகிற ஒரு வலி வரும். அது எதிர்பார்ப்பதுதான். ஆனால் கரண்ட் அடித்தது போல் சுரீரென்று விரல் வரை ஓடினால் நரம்பைத் தொட்டிருக்கிறது. உடனே சொல்லுங்கள், பின்னால் இழுத்துவிடுவார்கள். பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். முதல் சிட்டிங்கை உட்கார்ந்து செய்யாமல் படுத்தே செய்யச் சொல்லுங்கள், ஊசி பயம் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் மயங்குவது. வியர்த்து, கண் இருட்டினால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுக் காலை உயர்த்தி வைப்பார்கள். சில நிமிஷத்தில் சரியாகும். ஊசிகள் 20–30 நிமிஷம் இருக்கும். எடுக்கும்போது எண்ணச் சொல்லுங்கள். கழுத்துக்கு வைக்கும் ஊசி தலைமுடிக்குள் மறைந்து நின்றுவிடுவது உண்டு. பாக்கெட் பிரித்த ஊசி ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், எடுத்ததும் கெட்டியான டப்பாவுக்குள் போக வேண்டும்.

கழுத்து வலிக்குத் தோள் முகட்டில் ஒரு புள்ளி எடுப்பார்கள். அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஆழமாக, செங்குத்தாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழலாம். அரிதுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சிட்டிங் முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ எமர்ஜென்சிக்குப் போய், தோளில் ஊசி வைத்ததைச் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள்.

நாள்பட்ட கழுத்து வலி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றில் ஓரளவு ஆறுதல் கிடைப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பொய் ஊசியோடு (ஆய்வில் ஒப்பிடுவதற்காகச் செய்யும் போலிச் சிகிச்சை) ஒப்பிடும்போது வித்தியாசம் சிறியதாகவே இருக்கிறது. வாரம் ஒன்று இரண்டு என ஆறு சிட்டிங் பாருங்கள். அதற்குள் கழுத்து திரும்பும் அளவோ தூக்கமோ மாறவில்லை என்றால் தொடர வேண்டாம். கை மரத்துப் போனாலோ, பிடி தளர்ந்தாலோ முதலில் எலும்பு டாக்டரிடம் போங்கள்.

குழி ஏறுமா? ஏறாது. கணக்கு போட்டுப் பாருங்கள். ரோலரை ஒரே இடத்தில் 15 தடவை ஓட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 250 துளை விழும். அத்தனை சிறு காயத்தையும் ஆற்றப் போய்த்தான் தோல் கொலாஜன் சுரக்கிறது. முகம் முழுக்க நாலு ஊசியோ இருபது ஊசியோ வைத்தால் அந்த வேலை நடக்காது. அக்குபங்சரை மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் பல இடங்களில் ஊசியே கிடையாது, நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புவார்கள். எந்த முறை என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சில இடங்களில் "எல்லா மாத்திரையையும் நிறுத்து" என்பார்கள். தைராய்டு, பிரஷர், வலிப்பு மாத்திரை, இன்சுலின் எதையும் அந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். இன்சுலினை நிறுத்தியவர் இரண்டொரு நாளில் ஐ.சி.யூ.வில் கிடக்கலாம். நிறுத்தச் சொல்லும் இடத்துக்குக் கழுத்து வலிக்குக்கூடப் போகாதீர்கள்.

இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யலாம், முகத்தில் மட்டும் வேண்டாம். மைக்ரோநீடிலிங்குக்குப் பிறகு ஒரு வாரம் கழுத்து சிட்டிங்கைத் தள்ளிப் போடுங்கள். காரணம் ஊசி அல்ல, படுக்கை. குப்புறப் படுத்தால் முகம் வைக்கும் வளையம் கன்னத்தில்தான் அழுத்தும், அதன் மேலுறை எத்தனை பேர் முகம் பட்டதோ. அவசரம் என்றால் ஒருக்களித்துப் படுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

தோல்நலன்:

அந்த ஆறேழு துளைக்கு டி.சி.ஏ. பற்றி முதல் சிட்டிங்கிலேயே பேசிவிடுங்கள்.

சிட்டிங்கோடு பி.ஆர்.பி. சேர்க்கலாமா என்று கேட்பார்கள். உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுற்றிப் பிரித்து, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை முகத்தில் போடுவது அது. சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைக்கலாம், கட்டாயமில்லை. சேர்ப்பதாக இருந்தால் ரத்தம் எடுத்த குழாயில் உங்கள் பெயர் எழுதுவதை நீங்களே பாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு ஸ்பாவில் இந்தச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு எச்.ஐ.வி. பரவியதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-ல் வெளியிட்டது. அந்த இடத்தைச் சோதித்தபோது பெயரில்லாத ரத்தக் குழாய்கள் சமையலறை ஃப்ரிட்ஜில் உணவோடு இருந்தன. ஒரு முறை பயன்படுத்த வேண்டியவற்றை மறுபடி பயன்படுத்தியதும் தெரிந்தது. பெயர் எழுதிய குழாய், சீல் பிரியாத முனை இரண்டையும் பார்த்த பிறகு படுங்கள். காட்ட மறுத்தால் முகத்தில் பூசிய க்ரீமைத் துடைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம், அதுவரை எந்த நஷ்டமும் இல்லை.