ஊட்டி மலை ரயில்ல வயசானவங்க போலாமா?

ஜனவரில டொராண்டோலேர்ந்து வரேன், காலேஜ் ஃபிரண்ட்ஸ் நாலு பேரும் அறுபத தாண்டியாச்சு, மேட்டுப்பாளையத்துல சேர்ந்து மலை ரயில்ல போலாம்னு ரொம்ப நாள் ஆசை, ஒருத்திக்கு முட்டி வலி வேற, முடியுமா?

பதில் 1:
தாராளமா போலாங்க்கா. காலைல 7.10க்கு கிளம்பும், 46 கிலோமீட்டர்தான் ஆனா ஊட்டி சேர மதியம் ஆயிடும், கல்லாறு தாண்டினா பல்சக்கரம் தண்டவாளத்த புடிச்சு மெதுவா ஏறும். டிக்கெட் மட்டும் முன்னாடியே போட்டுடுங்க.

பதில் 2:
எங்கம்மாவ கூட்டிட்டு போனேன், சீட் நெருக்கம்தான். ஹில்குரோவ்ல இஞ்சினுக்கு தண்ணி புடிக்கறப்ப இறங்கி கால நீட்டிக்கிட்டாங்க, குரங்கு வந்து கைல இருந்த வாழைப்பழத்த புடுங்கிருச்சு! ஸ்வெட்டர் கட்டாயம் வேணும்க்கா.

கேட்டவர்:
ரொம்ப நன்றிப்பா. நாலு பேரும் ஒண்ணா உக்காந்தே முப்பது வருஷமாச்சு, இன்னிக்கே புக் பண்றேன்.